நான் போட்ட முக்காடு

2024 ஏப்ரல் 18, வியாழன்

மழை வரும் போல் இருந்து ஏமாற்றிவிட்டது. பின்னேரம் போதகர் போன் எடுத்தார். எங்கள் சபை றொஷானிக்கும் நிலாவெளி அஞ்சலோவுக்கும் மே 25 கல்யாணம். பெண்பிள்ளையோடு நான்தான் தனியாகக் கதைக்க வேண்டுமாம்.

கல்யாணத்துக்கு முன் எங்கள் சபையில் ஒரு கேள்வி உண்டு: சுத்தமாக இருந்தீர்களா? ஓம் என்றால் வெள்ளை முக்காடு. இல்லை என்றால் வெறுந்தலை. மாப்பிள்ளைக்கு முக்காடும் இல்லை, கேள்வியும் பேருக்குத்தான். வாலிபப் பெண்களுக்குப் பரிசுத்தம் படிப்பிக்கிறவள் நான் என்பதால் கேட்கிற பொறுப்பு எனக்கு. நல்ல ஆளாய்ப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஆராதனை முடிய, பிள்ளையைப் பின் அறையில் இருத்திக் கேட்டேன். எல்லாரும் ஓம் என்றுதான் சொல்கிறவர்கள். அவள் கதிரை நுனியில் இருந்துகொண்டு, "இல்லை அன்ரி. ஒருக்கா. பிறகு ரெண்டு பேரும் அழுது செபம் பண்ணினனாங்கள். பொய் சொல்லிப்போட்டு ஆண்டவருக்கு முன்னால போய் நிக்க எனக்கு ஏலாது" என்றாள்.

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தனக்காகத்தான் என்று நினைத்திருப்பாள், பாவம்.

2003இல் இதே அறையில் இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். அப்போது எனக்கு மாப்பிள்ளையாகப் பேசியிருந்த இவர், கட்டைபறிச்சானுக்குத் திரும்பிப்போகிற மூதூர் லோஞ்ச் படகைத் தவறவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் பகல் — வீட்டில் ஒருவரும் இல்லை — அதை நான் சொல்லவில்லை. கண் வெட்டாமல் ஓம் என்றேன். முக்காடு நிலத்தில் இழுபட நடந்துபோய் இவரைக் கட்டினேன்.

ஏப்ரல் 22

போதகரிடம் சொல்லிவிட்டேன். அவளுடையதை. என்னுடையதை அல்ல.

மே 1, புதன்

றொஷானிக்கு முக்காடு இல்லை என்று சபைக் கமிற்றி முடிவு. கை உயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. எப்படித்தான் உயர்ந்ததோ அந்தக் கை! றொஷானியின் அம்மா சந்தையில் என்னைக் கண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டா. என்னையே திட்டிக்கொண்டேன்: கிறேஸ், உனக்கு இது வேணும்.

நாங்கள் படிப்பிப்பது பிழை என்று நான் நினைக்கவில்லை. இன்றும் நம்புகிறேன். நம்பாவிட்டால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

மே 6

எங்களுடையதைக் கமிற்றியில் சொல்லப்போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். சாப்பிட்ட கையோடு அப்படியே இருந்தார். "இருவத்தொரு வருசத்துக்குப் பிறகு என்னத்துக்கு இதைக் கிளறுறீர்? நாளைக்குத் துறைமுகத்தில வேலை செய்யிறவங்களின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

கோபம் இல்லை, பயம். எனக்கு மட்டும் பயமில்லையா?

மே 9

பயத்தில் குறுக்கு வழி ஒன்று பார்த்தேன். கமிற்றிக்குப் போகாமல் றொஷானி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டு அழுதேன். அவள் அழவில்லை.

"அன்ரி, எனக்கு மட்டும் சொன்னா உங்களுக்குப் பாரம் குறையும். எனக்கு ஒண்டும் குறையாது."

மரியாதையாகத்தான் சொன்னாள். தேத்தண்ணியும் ஊற்றித் தந்தாள். வீடு வரும்வரை முகம் எரிந்தது.

மே 14

சொல்லிவிட்டேன். கமிற்றியில் எழும்பி நின்று, எல்லாருக்கும் முன்னால்.

செயலாளர் பாக்கியரத்தினம் ஐயா பேனையைப் பிடித்தபடி, "இப்ப இதை எழுதிறதோ, விடுறதோ?" என்று போதகரைப் பார்த்தார். நான் கத்திவிட்டேன். எழுதுங்கோ! நல்லா எழுதுங்கோ! உண்மை சொன்ன பிள்ளைக்கு வெறுந்தலை, பொய் சொன்ன எனக்கு முக்காடு — இதுவோ உங்கட பரிசுத்தம்?

அவர்களுடையது மட்டுமா? நானும்தானே கை உயர்த்தினேன்.

மே 17

கடிதம் வந்தது. மூன்று மாதம் இராப்போசனத்தில் அப்பமும் ரசமும் எனக்கு இல்லை, கடைசி வாங்கில்தான் இருக்க வேண்டும், படிப்பிக்கக் கூடாது. றொஷானியின் விசயத்தில் முடிவு முடிவுதானாம். கடிதத்தில் என் பெயர் மட்டும். தனியாகவே பாவம் செய்திருக்கிறேன் போல. இவர் வாசித்தார், மடித்து வைத்தார்.

மே 25, சனி

கல்யாணம். தலையில் மல்லிகைப்பூ மட்டும். நிமிர்ந்துதான் நடந்தாள். பின்னால் இரண்டு பேர் குசுகுசுத்தது எனக்கே கேட்டது, அவளுக்குக் கேட்காமலா இருக்கும்? நான் நேரத்துக்கு வாயைத் திறந்திருந்தால் — இனி என்னத்தைச் சொல்லி என்ன. இந்த நாளை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் ஏலாது.

ஜூன் 2, ஞாயிறு

இராப்போசன ஞாயிறு. நான் பெண்கள் பக்கம் கடைசி வாங்கில். இவர் ஆண்கள் பக்கம், வழமையான இடத்தில். கடிதம் வந்த நாளிலிருந்து இவருக்கும் எனக்கும் சோறு, கறி, கரண்ட் பில் தவிர வேறு கதை இல்லை.

வரிசை வரிசையாக மேசைக்குப் போனார்கள். றொஷானியும் அஞ்சலோவும் போனார்கள். இவருடைய வரிசை வந்தது. எழும்பினார். போதகர் அப்பத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

இவர் மேசைக்குப் போகவில்லை. சபை முழுக்கத் திரும்பிப் பார்க்க, நடுப்பாதையால் பின்னுக்கு வந்தார். பெண்கள் பக்கம் என்றும் பாராமல் என் வாங்கடியில் நின்றார்.

"கொஞ்சம் அரக்கி இரும்."

அரக்கி இடம் விட்டேன்.