செவ்வாய்க்கிழமைக்காரர்கள்

மார்ச் 4, செவ்வாய்

மழை கொட்டியும் இன்று ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை. மருந்து ஆராய்ச்சிக்கு மற்ற நாள்களில் வர வேண்டியவர்களுக்குப் போன் போட்டுப் போட்டு எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். செவ்வாய்க்கிழமைக்காரர்கள் மட்டும் நான் கதவைத் திறப்பதற்குள் வந்து நிற்கிறார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டது என் யோசனை. வரிசையாகக் கிடந்தபோது ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீயும் வைத்தேன். இப்போது மாதத்தின் முதல் செவ்வாய் என்றால் அந்த அறையில் கல்யாண வீட்டுச் சத்தம். தையல்காரம்மா பக்கத்தில் இருப்பவரின் சட்டைக்கு அங்கேயே பட்டன் தைத்துக் கொடுக்கிறார், வீங்கின விரலை வைத்துக்கொண்டே.

ஒவ்வொருவரையும் ரப்பர் பந்தை அழுத்தச் சொல்லி விரல் பலத்தைக் குறித்தேன், ரத்தம் எடுத்தேன், திருப்பிக் கொண்டுவந்த புட்டிகளில் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினேன். அச்சுப் பிசகாமல் சரி. இவர்கள் ஒரு வேளையைக்கூட விட்டதில்லை. ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியரிடம் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா மறுபடியும் ஆரம்பித்தாள். என் நோயாளிகளைப் போல அவளுக்கும் முடக்குவாதம்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் சாக்பீஸைப் பிடிக்க விரல் மடங்குவதில்லை. பழைய மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அத்தான் வெளியூரில் வேலை பார்ப்பதால் என்னோடுதான் இருக்கிறாள், அதனால் தினமும் பார்க்கிறேன்.

பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று எனக்கோ பேராசிரியருக்கோகூடத் தெரியாது என்று நூறாவது தடவையாகச் சொன்னேன். வெறும் மாத்திரை கிடைத்தாலும் பரவாயில்லை, சேர்த்துவிடேன் என்கிறாள். ஆராய்ச்சியில் வேலை பார்க்கிறவர்களின் குடும்பத்தாரைச் சேர்க்கக்கூடாது, அதுதான் விதி.

“உன்னைத் தங்கச்சியே இல்லைன்னு சொல்லியிருந்தா இந்நேரம் எனக்கும் ஒரு புட்டி கிடைச்சிருக்கும்” என்றாள். சிரித்தோம். அவளால் டம்ளரை ஒரு கையால் தூக்க முடியவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மருந்து நல்லதென்று தெரிந்தால்தான் வெளியே வரும், அப்போதுதான் அவளுக்குக் கிடைக்கும். ஆராய்ச்சி சீக்கிரம் முடியட்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

முட்டாள்கள் தினம். முட்டாள் யார் என்று தெரிந்துபோயிற்று.

புதுப் புட்டிகளைக் கொடுத்துவிட்டு ரத்த மாதிரிக் குழாய்களோடு ஆய்வகத்துக்குக் கிளம்பினேன். வழக்கமாக அப்படியே போய்விடுவேன். மூக்குக்கண்ணாடியை மறந்ததால் திரும்பி வந்தேன். வட்டத்தின் நடுவில் தையல்காரம்மாவின் மடியில் பட்டன் டப்பா. உள்ளே இருந்தது பட்டன் இல்லை. எல்லோருடைய மாத்திரைகளையும் ஒன்றாகக் கொட்டிக் குலுக்கி, ஆளுக்கு ஒரு பங்காகப் புட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரிடையரான பஸ் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பங்கு சரியா என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்!

தையல்காரம்மா மறைக்கக்கூட இல்லை. “யாரு புட்டியில நிஜம் இருக்குன்னு யாருக்குத் தெரியும் சிஸ்டர்? இப்படிக் கலந்துக்கிட்டா எல்லாருக்கும் பாதியாவது நிஜம் வந்துடும்ல” என்றார். இரண்டாவது மாதத்திலிருந்தே செய்கிறார்களாம். எனக்கும் ஒரு டீ எடுத்து வைத்திருந்தார்கள்.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

யாரிடமும் சொல்லவில்லை. புட்டியில் எத்தனை மிச்சம் என்று எண்ணினேனே — எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு — எந்த வாய்க்குப் போச்சுன்னு நான் பார்த்தேனா? அந்த வட்டத்தைப் போட்டவளே நான்தானே.

சொன்னால் அவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். என் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால்?

ஏப்ரல் 4, வெள்ளி

அக்காவிடம் சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் சொல்வது?

முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். தானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாளாம், அந்தத் தையல்காரம்மாவைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறதாம். பிறகு திடீரென்று அடங்கிவிட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா.

“ரெண்டு பக்கமும் பாதிப் பாதி சாப்பிட்டா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானேடி தெரியும்?”

ஆமாம் என்றேன்.

“அப்ப நல்ல மருந்தா இருந்தாலும் உதவாதுன்னு எழுதிடுவாங்களா?”

அதற்கும் ஆமாம் என்றேன். செவ்வாய்க்காரர்கள் மட்டும்தானா, மற்ற நாள்காரர்களும் கலக்கிறார்களா என்று கேட்டாள். அவர்கள் ஒருவரை ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்றேன். ஆனாலும் ஆராய்ச்சியே சின்னது. இவ்வளவு பேர் இப்படிச் செய்தால் வித்தியாசம் கரைந்துபோக அதுவே போதும்.

கடைசியில் அக்கா, “போய்ச் சொல்லிடு. எனக்காகவாவது சொல்லு” என்றாள். இதுவரை விளையாட்டாக நச்சரித்திருக்கிறாள், இப்படி எனக்காக என்று கேட்டதில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

பேராசிரியருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஏன் மேடம்’. மின்விசிறி நின்றால்கூட ஏன் என்பார். இன்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, ஏன் கலந்தார்கள் என்று கேட்டார். தங்களுக்கும் நிஜ மருந்து கிடைக்க வேண்டுமென்றுதான் என்றேன்.

“அது புரியுது. வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் ஆராய்ச்சி முடிஞ்சதும் நிஜ மருந்து கிடைக்கும்னு நாம எப்பவாவது சொல்லியிருக்கோமா?”

சொல்லவில்லை. ‘பரிசீலிக்கப்படும்’ என்றிருந்தோம். அந்த வார்த்தையை நம்பி எந்த அலுவலகத்தில் யாருக்கு என்ன கிடைத்திருக்கிறது?

ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு இன்றே எழுதுகிறார். அவர்கள் முடிவு சொல்லும்வரை செவ்வாய்க்காரர்களுக்கு மாத்திரை நிறுத்தம். அதைப் போய்ச் சொல்ல வேண்டியவள் நான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

எல்லோரையும் வரவழைத்து, அதே வட்டத்தில் நானும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கையிலிருக்கும் புட்டிகளைத் திருப்பித் தர வேண்டும் என்றதும் தையல்காரம்மா முகம் சிவந்துவிட்டது. “நாங்க என்ன திருடினோமா? இருக்கிறதைப் பிரிச்சுச் சாப்பிட்டோம். அது ஒரு தப்பா?”

தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா சொன்ன கணக்கையே சொன்னேன் — எல்லோருக்கும் பாதி என்றால் மருந்து நல்லதா என்பது ஒருவருக்கும் தெரியாது, தெரியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று. டிரைவர்தான் கடைசியில், “அப்ப நல்ல மருந்தைப் பொய்யாக்கப் பார்த்திருக்கோம்” என்றார், மெதுவாக.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்க அக்காவுக்கும் இதே நோய்தான், இந்த மருந்து எப்ப வெளியே வரும்னு அவ காத்துக்கிட்டிருக்கா என்று வாய்விட்டுவிட்டேன். நர்ஸ் அழுது நோயாளிகள் தேற்றிய கதையாகிவிட்டது. வெட்கம்.

எல்லாப் புட்டிகளும் வந்துவிட்டன. தையல்காரம்மா என் பக்கம் திரும்பாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 28, திங்கள்

குழுவின் முடிவு வந்துவிட்டது. செவ்வாய்க்காரர்கள் தொடரலாம். கலந்த மாதங்களை மறைக்காமல் அறிக்கையில் எழுத வேண்டும். ஈடுகட்டப் புது ஆட்களைச் சேர்க்க வேண்டும், ஆராய்ச்சி சில மாதம் நீளும். மேடம் கேட்டதும் கிடைத்துவிட்டது: மருந்து பலித்தால், ஆராய்ச்சியில் சேர்ந்த அத்தனை பேருக்கும் நிஜ மாத்திரை, எழுத்துப்பூர்வமாக.

என் வேலைக்கு ஆபத்தில்லை. நாற்காலிகளை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். வட்டத்தில் என்ன தப்பு, அப்படியே இருக்கட்டும், அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்வரை நீங்களும் கூட உட்காருங்கள் என்றார்.

மே 6, செவ்வாய்

தையல்காரம்மா வரவில்லை என்று மனசு கெட்டுக் கிடந்தது. எல்லோரும் கிளம்பும் நேரத்தில் வந்தார். புது உறுதிமொழியைப் படித்துக் காட்டச் சொன்னார், இரண்டு தடவை. பிறகு பந்தை அழுத்தினார். “இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் சிஸ்டர் டப்பாவைத் திறக்கிறேன்?” நியாயம்தானே!

செப்டம்பர் 12, வெள்ளி

அக்கா இப்போதெல்லாம் கரும்பலகையில் பிள்ளைகளைவிட்டு எழுத வைக்கிறாளாம். இதை அவள் சொல்லவில்லை, பக்கத்து வகுப்பு டீச்சர் சொன்னார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பலித்துவிட்டது.

மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களுக்குக் காலை விறைப்பு சீக்கிரம் விடுகிறது, பிடி இறுகியிருக்கிறது. வித்தியாசம் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது. கலந்த மாதங்கள் அப்படியே தொடர்ந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது என்றார் மேடம். யாருக்கு எது என்பதும் இன்று தெரிந்தது. தையல்காரம்மா புட்டியில் இருந்தது நிஜம். டிரைவர் புட்டியில் வெறும் மாத்திரை.

வீட்டுக்கு ஓடி வந்து அக்காவிடம் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் தனக்கு எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். அரசாங்க அனுமதி, கடைக்கு வருவது... ஒரு வருஷம் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம் என்றேன். சரி என்றாள். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

டிரைவருக்கு நிஜப் புட்டியைக் கொடுத்தேன். கலப்பதை விட்ட பிறகும் இத்தனை மாதம் வெறும் சுண்ணாம்பைத் தின்றுவிட்டுத்தான் கை தேவலை, கை தேவலை என்று பெண்டாட்டியிடம் அளந்துகொண்டிருந்தாராம். அறையே சிரித்தது. இனிமேல் கலக்க ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் நிஜம்தான்.

தையல்காரம்மா எல்லோரும் போகும்வரை இருந்தார். பழைய புட்டியை என்னிடம் தராமல் என் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். “பாதிக்கு மேல மிச்சம் இருக்கு. நான் தொலைச்சுட்டேன்னு எழுதிக்குங்க. அக்காவுக்குக் கொண்டுபோங்க” என்றார். பதில் வருவதற்குள் போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நிஜம்னு தெரிஞ்சுபோன மாத்திரை. யாருக்குத் தெரியப்போகுது? இனிமே எந்தக் கணக்கு கெட்டுப்போயிடும்? முடிவுதான் வந்தாச்சே. மாதாமாதம் ரத்தம் பார்க்காமல் இதை யாரும் விழுங்கக்கூடாது. எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ரத்தத்தை நானே எடுத்துப் பார்க்கலாமே என்றும் தோன்றியது. தோன்றாமல் இருக்குமா? என் கூடப் பிறந்தவள். அந்த அம்மாவிடம் பெரிய மனுஷி மாதிரி அன்றைக்கு என்ன பேச்சுப் பேசினேன்.

மூடியைத் திறந்து எண்ணினேன். திரும்பி வந்தது என்று எழுதினேன். அழிக்க வேண்டியவற்றுக்கான பையில் போட்டு ஒட்டினேன். அழுதேன்.

சாயங்காலம் அக்காவுக்குத் தலை பின்னிவிட்டேன். இப்போது தினமும் நான்தான். இவ்வளவு இறுக்காதே, வலிக்கிறது என்றாள். பிரித்துவிட்டுத் தளர்த்திப் பின்னினேன்.