மூன்று நாள், ஒரே ஊர்

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு அப்பா வந்தார். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் முறையாகத் தானே படியேறி வந்தார். ஊன்றுகோல் ஒரு கையில், சுருட்டிய வரைபடம் மறு கையில். ஆட்டுத்தொடை ஆறிக்கொண்டிருக்க, மேசையில் தெற்குக் கடலோரத்து ஹோபார்ட் நகரத்தை விரித்துவிட்டார்.

"மூணு நாள். ஒரே ஊர். கார் கிடையாது," என்றார்.

நாற்பது வருடம் நில அளவை பார்த்தவர். சும்மா வருவாரா? எந்தத் தெரு எவ்வளவு சரிவு, எங்கே உட்கார பெஞ்சு இருக்கிறது, எந்தப் பக்கம் காற்று அடிக்காது, எல்லாம் பென்சிலில் குறித்திருக்கிறார். காலையில் ஒரு இடம், மதியம் ஒரு இடம், அதற்கு மேல் கிடையாது. அங்கே பாட்டரி பாயின்ட் என்கிற மேட்டுக்கு டாக்சியில் போய், பழைய வீடுகளைப் பார்த்துக்கொண்டே துறைமுகத்துக்கு நடந்து இறங்குவதாம்.

"ஏத்தத்துக்கு டாக்சி, இறக்கத்துக்கு காலு. இதுதான் திட்டம்."

என் கணவன் ஸ்டூவர்ட் விடவில்லை. "மாமா, அப்ப நீங்க ஊரையே கீழ்நோக்கித்தான் பார்க்கப் போறீங்க."

"வாயை மூடிக்கிட்டு சாப்பிடுடா," என்று அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நவம்பரில் போகலாம் என்று முடிவு. அவரும் நானும்.

ஆகஸ்ட் 9, புதன்

அப்பாவிடமிருந்து மூன்று போன். ஹோட்டல் வாசலில் ஒரு படி இருக்கிறதாம், அது உயரமா தாழ்வா என்று நான் விசாரிக்க வேண்டுமாம். நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் பல்வலிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நான் வரவேற்பு மேசையிலிருந்து ஹோபார்ட்டுக்குப் போன் போட்டு ஒரு படியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

எழுதினால்தான் மனசு அடங்கும்.

அப்பா இன்று தனியாக வரவில்லை. புல்தரையில் பந்து உருட்டுகிற பவுல்ஸ் கிளப்பில் கூட ஆடுகிற நோலீனை அழைத்து வந்தார். ஒரே ஒரு முறை கிளப்பில் பார்த்திருக்கிறேன். எழுபது தாண்டியவர், வெள்ளைத் தொப்பி, யாரோடும் சத்தமாகச் சிரிக்கிறவர். தானே செய்த கேக்கைக் கொண்டுவந்திருந்தார், மேலே பாஷன்பழச் சாறு ஊற்றியது. அப்பா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாவின் நாற்காலி. அப்பாவுக்கு அது தோன்றவே இல்லையா?

நோலீன் கேக்கை வெட்டும்போது அப்பா மெதுவாகச் சொன்னார்: "ஹோபார்ட்டுக்கு நோலீனும் வந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன், கெரின்."

நோலீன் அவசரமாக, "நானும் மெதுவாத்தான் நடப்பேன். உங்களுக்கு இடைஞ்சலா இருக்க மாட்டேன். எனக்கு தனி ரூம்தான் போட்டுக்குவேன்," என்றார்.

நான் சொன்னேன்: "இது எங்க குடும்பத்துக்குள்ள போற பயணம், நோலீன். அம்மா போகணும்னு ஆசைப்பட்ட ஊர்."

கத்தவில்லை. கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் பேசுகிற குரலில்தான் சொன்னேன். அதுதான் இப்போது அசிங்கமாக இருக்கிறது.

நோலீனின் கையில் கத்தி அப்படியே நின்றது. "ஆமா, ஆமா. அதானே. சரிதான்," என்று சொல்லி, மிச்சத்தையும் வெட்டி எல்லோர் தட்டிலும் வைத்தார். அப்பா மேசையில் விரித்திருந்த வரைபடத்தைச் சுருட்டினார். அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 21, திங்கள்

நான் சொன்னதில் என்ன தப்பு? அம்மா போய் இன்னும் இரண்டு வருடம் முடியவில்லை. எனக்கு ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா?

ஸ்டூவர்ட் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நீ அந்த கேக்கை தொடவே இல்ல. அவங்க கிளம்புற வரைக்கும் உன் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

"உனக்கென்ன தெரியும்" என்று அவனிடமும் பாய்ந்தேன்.

அம்மா அந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டாளா? இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். ஒரு முறை தொலைக்காட்சியில் அந்தத் துறைமுகத்தைக் காட்டியபோது "அழகா இருக்கு, ஆனா என்ன குளிரு" என்றாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 3, ஞாயிறு

அப்பா போனில்: "நோலீன் வரலையாம். அவளுக்கு வேற வேலை இருக்காம்." எனக்கு நிம்மதியாக இருந்தது. இருந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் 17, ஞாயிறு

அப்பா வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை பவுல்ஸ் எப்படிப் போனது என்று கேட்டேன். இரண்டு வாரமாகப் போகவில்லையாம்.

"இடுப்பு வலிக்குதாப்பா?"

"அதெல்லாம் இல்ல."

தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடாத தேநீர்.

"நோலீன் என்கிட்ட சொல்லிட்டா. கொஞ்ச நாள் தள்ளி நிக்கறதுதான் நல்லதுன்னு. உனக்கும் எனக்கும் நடுவுல வந்து நிக்க அவளுக்கு இஷ்டமில்லையாம்."

"நான் அப்படி ஒண்ணும்—"

"நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும். நானும் அங்கதாம்மா இருந்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி, அழுது, முடித்திருப்போம். அவர் எழுந்து போய் கெட்டிலில் மறுபடி தண்ணீர் பிடித்தார்.

செப்டம்பர் 24, ஞாயிறு

நோலீன் வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

கொல்லையில் பட்டாணிப் பூச்செடிகளுக்குக் குச்சி ஊன்றிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு "வாம்மா" என்றார். உள்ளே கூடத்தில் பெட்டிகள். கண்ணாடிச் சாமான்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார்.

நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "நீங்க எங்க கூட வாங்க. நான் பேசினது தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

"உக்காரு. டீ போடறேன், பால் ஊத்தவா?"

ஊற்றிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "நான் கேட்டது மூணு நாள் நடக்கத்தான், கெரின். உங்க அம்மா இடத்தை கேட்கலை."

"தெரியுது. இப்ப தெரியுது."

"என் வீட்டுக்காரர் போய் பதினோரு வருஷம் ஆச்சு. அவர் நாற்காலில யாராவது உக்காந்தா எனக்கும் சுருக்குன்னுதான் இருக்கும். அதனால உன் மேல வருத்தமே இல்ல. நிஜமா சொல்றேன்." என் கோப்பையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். "ஆனா கேக்கை கையில வெச்சுக்கிட்டு ஒரு வீட்டுக்கு வந்து, நீ வேணாம்னு சொல்றதைக் கேட்டுட்டு, மறுபடி அதே வீட்டுக்கு எந்த மூஞ்சியோட வர்றது? சின்ன வயசுன்னா வந்துடுவேன். இப்ப முடியலைம்மா."

பெட்டிகளைப் பார்த்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

வடக்கே வெகு தூரத்தில் இருக்கிற டவுன்ஸ்வில்லில், அவருடைய மகன் தன் வீட்டுக்குப் பின்னாலேயே அம்மாவுக்காக ஒரு சின்ன வீடு கட்டி வைத்திருக்கிறானாம். "போன வருஷமே வான்னு கூப்பிட்டான். நான்தான் இப்ப வேணாம், அப்புறம் பார்க்கலாம்னு தள்ளிக்கிட்டே இருந்தேன்."

ஏன் தள்ளினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

வாசல் வரை வந்து வழியனுப்பினார். "உங்கப்பா படி இறங்குறப்ப இடது பக்கமா நில்லு. வலது பக்கம் நின்னா கோவிச்சுக்குவார்," என்றார்.



செப்டம்பர் 25, திங்கள்

அப்பாவிடம் சொன்னேன். "தெரியும், ராத்திரி போன் பண்ணினா," என்றார். "நீ வந்ததுல அவளுக்கு சந்தோஷம்தான்."

"அப்பா, நீங்க போய் ஒரு தடவை பேசுங்களேன். போகாதேன்னு சொல்லுங்களேன்."

"பெத்த பையன் கூப்பிடறான். நான் எந்த உரிமையில போகாதேன்னு சொல்றது?"

அந்த உரிமை வந்திருக்கும். இன்னும் கொஞ்சம் நாள் விட்டிருந்தால் வந்திருக்கும்.

அக்டோபர் 14, சனி

இன்று நோலீனுக்கு விமானம். விமான நிலையத்துக்கு நான் காரில் கூட்டிப்போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று டாக்சியில் தனியாகப் போய்விட்டு வந்தார்.

நவம்பர் 11, சனி, ஹோபார்ட்

எல்லாம் திட்டப்படி நடக்கிறது. பத்து மணிக்கு முன் கிளம்புவதில்லை. குளிர்காலம் முடிந்தும் ஊருக்குப் பின்னாலுள்ள மலை உச்சியில் இன்னும் பனி. காலையில் சலமன்கா சந்தை, பிறகு மேட்டுக்கு டாக்சி. வட்டமான சின்னப் புல்வெளியைச் சுற்றிப் பொம்மை வீடுகள் போல அந்தக் காலத்து வீடுகள். பெஞ்சில் உட்கார்ந்தோம். எழுந்தோம். நடந்தோம். அவசரமே இல்லை.

அவசரமில்லாத இடத்தில் பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. பரபரவென்று நான்கு இடம் பார்த்தால் பேச்சில்லாதது தெரியாது. இங்கே ஒரு மரக்கதவின் முன்னால் பத்து நிமிடம் நிற்கிறோம்.

"இந்தக் கல்லு நல்லா இருக்குல்லப்பா?"

"நல்லா இருக்கும்மா."

"காபி குடிக்கலாமா?"

"குடிக்கலாமே."

கல் படிகள் வந்ததும் நான் இடது பக்கம் போய் நின்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

நவம்பர் 12, ஞாயிறு, ஹோபார்ட்

துறைமுகத்தில் படகுக் கடையில் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட பலகாரம் வாங்கினோம். கடைக்காரப் பெண் அப்பாவிடம், "கொடுத்து வெச்சவர் ஐயா நீங்க, பொண்ணே ஊர் சுத்திக் காட்டுது," என்றாள்.

"ஆமா, ஆமா," என்றார் அப்பா.

பலகாரத்தில் பாதியை மிச்சம் வைத்துவிட்டார். கேட்டேவிட்டேன்: "என் மேல கோபமாப்பா?"

நிஜமாகவே யோசித்தார்.

"கோபம் இல்ல கெரின். உன் மேல எனக்கு கோபம் வராது. ஆனா ஒவ்வொரு தெரு திரும்பறப்பவும், இதை நோலீன் பார்த்தா என்ன சொல்லுவான்னு தோணுது. அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க விட்டார்.

டிசம்பர் 10, ஞாயிறு

அப்பா மதியம் வந்தார். நோலீனிடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்ததாம். அங்கே வெயில் கொளுத்துகிறதாம், பேரப்பிள்ளைகள் நீச்சல் குளத்தை விட்டு ஏறுவதே இல்லையாம். "நல்லா இருக்கா," என்றார். இனி மழைக்காலம், அங்கே புயல் வரும், பழகிக்கொள்ள வேண்டும் என்றார். பிறகு கிரிக்கெட் பார்த்தார்.

நான் ஆர்வமாகக் கேட்டேன்: அடுத்த வருடம் எங்கே போகலாம்? பழைய துறைமுக ஊர் வேண்டுமா, தங்கம் வெட்டிய ஊர் வேண்டுமா? அட்லஸைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

அவர் அதைத் திறக்கவில்லை. அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அன்பாகத்தான் சொன்னார்:

"நீயே பார்த்து முடிவு பண்ணும்மா. எனக்கு எங்கன்னாலும் சரி."