அக்காளின் தலைக்குள் சேர்ந்த இரும்பு

முன்னின்று காக்கும் முருகப்பெருமானே, மறைந்தவளோடு பேச எடுத்த இச்சொற்களுக்கு நீயே துணை.

அன்பு அக்கா,

இறைவன் திருவடி நிழலில் உன் கைநடுக்கம் தீர்ந்திருக்கும். இங்கே உன் மகள் செல்விக்கு ஏழாம் மாதம். தாய்மாமன் சீராகக் கட்டுச்சோறும் வளையலும் கொண்டுபோனேன். வளையல்களை மகிழ்ந்து அணிந்தாள். செவிலியர் தந்த இரும்புச்சத்து மாத்திரைகளையோ அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். முகம் வெளுத்து, நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. ஏன் விழுங்கவில்லை என்று கேட்டேன்.

“அம்மா மூளையில இரும்பு சேந்திருக்குன்னு மதுரை ஸ்கேன்ல சொன்னாகல்ல மாமா? கம்பி மத்தாப்புக்கு இரும்புத்தூள் கலந்து கலந்துதான் தலைக்கு ஏறிருச்சு. இப்ப நான் வேற முழுங்கி, பிள்ளைக்கும் ஏத்தணுமாக்கும்?”

பட்டாசுத் தொழிலில் வாழும் நமக்கன்றி யாருக்கு இப்படித் தோன்றும்? அவளை விருதுநகரில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

இரத்தத்தில் இரும்பைச் சுமப்பதற்கென்றே ஒரு புரதம் உண்டாம். மூளையின் இரத்தக்குழாய்ச் சுவர் கண்டதையும் உள்ளே விடாது. அப்புரதம் சுமந்து வந்ததை அடையாளம் கண்டு, அளவோடு ஏற்குமாம். உள்ளே பயன்பட்டது போக மிஞ்சியதை இன்னொரு புரதம் தன் கூட்டுக்குள் அடைத்துக் காக்குமாம்.

செல்வி இடைமறித்தாள். “பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்தைத் தனி ரூம்ல பூட்டி வச்சு, வேண்டியதை மட்டும் எடுத்தாருவாகளே, அது மாதிரியா டாக்டர்?”

“அம்புட்டுதாம்மா. பூட்டி இருக்கவரைக்கும் ஆபத்தில்ல.”

“அப்ப எங்கம்மாவுக்கு?”

அந்த நடுக்குவாத நோயில் உள்ளிருக்கும் காவல் குலைகிறது. ஏன் குலைகிறதென்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை. அதற்காக மாத்திரைக்கு அஞ்ச வேண்டாம் என்றார். “வயித்துப் பிள்ளைக்கு மூளை வளரவே இரும்பு வேணும். உங்கிட்ட இருந்துதான எடுக்கணும்? நீயே வெறுங்கையா இருந்தா அது எங்கன போகும்?”

கடைசி நாள்களில் நீ உன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாயே, அக்கா. செய்த வேலையையா நொந்துகொண்டாய்?

வீடு திரும்பியதும் செல்வி எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரையை விழுங்கினாள். “ஆணியச் சப்புன மாதிரி இருக்கு! இம்புட்டுச் சீர் கொண்டாந்தீகளே, ஒரு துண்டு கருப்பட்டி கொண்டாந்தீகளா மாமா?” என்று ஏசினாள். அந்த ஏச்சு எனக்கு அருட்பிரசாதமாக இனித்தது.

பிள்ளை பிறக்கும்வரை மாலைதோறும் அவள் வீட்டுக்குச் செல்வேன். அவள் விழுங்குவதைக் கண்ட பின்னரே திரும்புவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இதைப் படிப்போர் இல்லங்களில் தாயர் உடல் தேறுக. மழலைகள் அறிவும் ஆயுளும் நிறைந்து வளர்க.

உன்பின் பிறந்து, உன் இடுப்பில் வளர்ந்த தம்பி