இரண்டு உலகமும் இருபத்தொரு நாளும்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கணினியில் எங்கள் பழைய விளையாட்டில் கோட்டையைச் சுற்றிவந்து வெளியேறும் நேரம், மாப்பிள்ளை வந்தார். தங்கை வீட்டுக்காரர், எங்கள் படையில் எனக்கு அடுத்த இடம். புதிதாக வந்திருக்கும் ஆன்லைன் விளையாட்டுக்கு எல்லோரும் மாறலாமா என்று படைக்குள் பேச்சாம்.

"ரெண்டையும் ஆடிப் பாத்து எது மேலுன்னு நீங்களே எழுதுங்க மச்சான். நீங்க சொன்னாதான் கேப்பாங்க."

நான் லிஃப்ட் பழுது பார்த்தவன், யாரிடமும் படிக்காமல் தானே கற்று, ஒன்பது வருடத்தில் படைக்கு முப்பத்தொரு பேரைச் சேர்த்தவன். எழுதுகிறேன். நியாயமாக எழுத வேண்டுமென்றால், முடியும்வரை பழையதைத் தொடக் கூடாது.

மார்ச் 6, வெள்ளி

புதியதில் சாவு மலிவு. விழுந்த இடத்திலேயே எழுந்துகொள்ளலாம். எங்களுடையதில் யாராவது வந்து தூக்கிவிட்டால்தான் உண்டு.

மார்ச் 12, வியாழன்

புதியதில் மழை பெய்தால் கவசத்தில் தண்ணீர் வழிகிறது. அழகுதான். ஒத்துக்கொள்ள எரிச்சலாக இருக்கிறது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ குறிப்பு எடுக்கலையே!"

மார்ச் 17, செவ்வாய்

மாப்பிள்ளை போன். "அவசரமே இல்ல மச்சான், நிதானமா எழுதுங்க." நல்ல மனுஷன்.

மார்ச் 25, புதன்

பன்னிரண்டு பக்கம் முடிந்தது. ஒன்பது விஷயத்தில் புதியது மேல். ஆனாலும் போக வேண்டாம். அங்கே யாருக்கும் யாரும் தேவைப்படுவதில்லை. இதுதான் என் முடிவு.

சொல்லலாம் என்று பழையதில் நுழைந்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் தலைவருக்கான கிரீடம் இல்லை.

தலைவர் இருபத்தொரு நாள் வராவிட்டால் பதவி தானாக அடுத்தவருக்குப் போகும். விளையாட்டின் விதி. எனக்கு மறந்துவிட்டது. அவனுக்கு மறக்கவில்லை. நிதானமா எழுதணுமாம்! நிதானமா!

புதுத் தலைவரின் முதல் அறிவிப்பு: "அண்ணன் ஆடிப் பாத்துட்டாரு, புதுசுதான் நல்லதுன்னுட்டாரு. வெள்ளிக்கிழமை எல்லாரும் அங்க." ஒரு பக்கம் படித்திருப்பானா?

மார்ச் 26, வியாழன்

மாப்பிள்ளையிடம் போனில் கேட்டேன்.

"நேரா கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா? ஞாயிறு காலைச் சண்டை பத்து மணின்னா பத்து மணி. எம்பொண்ணு காய்ச்சல்ல கெடந்தப்பவும், 'சண்டைய முடிச்சிட்டுப் போ'ன்னீங்க."

சொன்னேனா? சொன்னேன். அதற்காக?

மார்ச் 29, ஞாயிறு

தங்கை வந்தாள். "ஒரு வெளையாட்டுக்கா அண்ணே இந்த மொறப்பு? அந்தக் கிரீடத்த அவரையே திருப்பிக் குடுக்கச் சொல்றேன்."

"பிச்சையா?" என்றேன். காபி குடிக்காமல் போய்விட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கொடுத்துவிட்டான். கிரீடம் வந்திருக்கிறது.

பட்டியலைத் திறந்தேன். என்னையும் அவனையும் தவிர எல்லோருக்கும் ஒரே வரி: கடைசி வருகை ஒன்பது நாளுக்கு முன். பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. ஒவ்வொருவராக நீக்கினேன். வைத்தியர், வில்லாளி, சமையல்காரர் — யாருக்காகவும் கை நிற்கவில்லை. அவன் பெயரைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

அழுத்தியதும் எச்சரிக்கை வந்தது: ஒருவர் மட்டும் இருந்தால் படை கலைந்துவிடும், சம்மதமா?

காலை வெயில் திரையில் விழுந்து எழுத்து மங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 'வேண்டாம்' அழுத்தினேன்.

படையில் இப்போது இரண்டு பெயர்.