இரண்டு வருஷமா, ஐந்து வருஷமா

காங்கேயம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள லோகு கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், லீட்ஸ் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறோம். நல்ல மழை, களத்தில் காய்ந்த கொப்பரையை இரண்டு முறை அள்ளி உள்ளே போட்டோம், மற்றபடி குறை ஒன்றுமில்லை. வாரம் நாலு முறை போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொல்ல நாக்கு எழவில்லை அம்மணி.

முதல் வீடு வாங்கப் போகிறேன், வட்டியை இரண்டு வருஷத்துக்கு நிலையாக வைப்பதா ஐந்து வருஷத்துக்கா என்று இரண்டு வங்கித் தாள்களையும் அனுப்பி யோசனை கேட்டாய். நானும் பெரிய விவரக்காரன் போல, வட்டி சீக்கிரம் இறங்கும், இரண்டு வருஷமே போதும் என்றேன். வட்டி இறங்குமா ஏறுமா என்று எனக்கு என்ன தெரியும்? ஐந்து வருஷத் தாளில், நடுவில் கடனை அடைத்தால் அபராதம் என்று போட்டிருந்தது, அதைப் படித்ததும் மனசு கெட்டுவிட்டது. மூன்று வருஷத்தில் ஊருக்கு வந்துவிடுவேன் என்று சொல்லித்தானே ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாய், ஐந்து வருஷம் என்று கையெழுத்துப் போட்டால் அந்தப் பேச்சு முடிந்துபோகுமே என்று பயந்து அப்படிச் சொன்னேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "ஏனுங்க, புள்ள ஊடு வாங்கறதுக்கு யோசனை கேட்டா, நீங்க புள்ளையத் திருப்பிக் கூட்டியாரதுக்கு வழி பாக்கறீங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

மறுநாள் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு நரசிம்மலு வீட்டுக்குப் போனேன், கூட்டுறவு வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், உனக்குத் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், "பாலு, வட்டியப் பாத்துப்போட்டு கட்டணத்தப் பாக்காம உட்டுப்போட்டயே" என்றார். இரண்டு வருஷத்துக்கு வட்டி 4.2, ஐந்து வருஷத்துக்கு 4.4, நீ வாங்கும் கடனுக்கு மாதத் தவணையில் பத்தொன்பது பவுண்டுதான் வித்தியாசம். இரண்டு வருஷத்துக்குக் கூட்டினால் ஐந்நூறுகூட வரவில்லை, ஆனால் அந்த இரண்டு வருஷத் தாள் கொடுத்த வங்கி ஆரம்பத்திலேயே 999 பவுண்டு கட்டணம் கேட்கிறது, ஐந்து வருஷத் தாளில் கட்டணமே இல்லை. இரண்டு வருஷம் முடிந்தால் புதிதாக வேறு வட்டி தேடி மறுபடி கட்டணம் கட்ட நேரலாம். நம் வீட்டுக் கடனையே பார், மாறும் வட்டியில் வாங்கினேன், தவணை ஏறவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன், கடைசியில் பார்த்தால் முடிகிற காலத்தை மூன்று வருஷம் தள்ளி வைத்திருந்தார்கள். சம்பளத்தை மட்டும் நம்பித் தனியாக வாங்குகிற உனக்கு, மாதம் இவ்வளவுதான் என்று தெரிந்திருப்பது பெரிய தைரியம். அதனால் முதலில் சொன்னதை மறந்துவிடு கண்ணு, ஐந்து வருஷத்தையே எடுத்துக்கொள். வேறு ஊருக்கு மாற்றலானால் கடனைப் புது வீட்டுக்கு மாற்றிக்கொள்ள விடுவார்களா என்றும், வருஷத்துக்கு எவ்வளவு வரைக்கும் அபராதம் இல்லாமல் கூடுதலாகக் கட்டலாம் என்றும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். எப்போது திரும்பி வருவாய் என்று இனி நான் கேட்கமாட்டேன். உனக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது என்பது வீட்டைக் காட்டி நீ பேசியபோதே தெரிந்தது, ஜன்னலுக்கு வெளியே மரம் இருக்கிறது என்று மூன்று முறை சொன்னாய். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அம்மா பவானி ஜமுக்காளம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள், பார்சலில் போட வேண்டாம், கையிலேயே கொண்டுபோகலாம் என்கிறாள். ஆமாம், புதன்கிழமை கோயமுத்தூர் போய் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். எதற்கு என்று அங்கே யாராவது கேட்பார்கள், "எம்புள்ளையூட்டுக்குப் போறமுங்க" என்று சொல்லலாம் என்று பஸ்ஸிலேயே நினைத்து வைத்திருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் வரும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் நானாகவே சொல்லிவிட்டேன்.

நீ குடிபோகும் வீட்டில் நோயில்லாமல், மனக்குறை இல்லாமல் நிறைவாக வாழ சிவன்மலை முருகன் துணையிருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கம் வரை படி.

இப்படிக்கு,
உன் அப்பா
பாலுசாமி