பிரசங்கத்துக்கு அடியில் வாசித்தவள்

என் செல்ல நைனாவுக்கு,

போன ஞாயிறு, பாஸ்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

சபையில் என் வேலை உனக்குத் தெரியும். பிரசங்கம் முடியப்போகும் நேரம் பாஸ்டர் குரலைத் தாழ்த்துவார், நான் மெதுவாக வாசிக்க ஆரம்பிக்க வேண்டும். அவர் குரல் ஏற ஏற நானும் இசையை ஏற்ற வேண்டும். ஜனங்கள் எந்த இடத்தில் அழுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. கனகம்மாசத்திரம் வரைக்கும் போய் அதைப் பீற்றிக்கொண்டவன்தானே நீ!

அன்றைக்கும் வாசித்துக்கொண்டிருந்தேன். "விசுவாசம் இருக்கறவனுக்கு மாத்திரை எதுக்கு? கொணாந்து இங்க போடுங்க!" என்றார். முதலில் எழுந்தது நம் பக்கத்து வீட்டு சரோஜா அத்தை. பிரஷர் மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டே வந்தாள்.

நீயும் இப்படித்தானே வந்தாய்? உன் பிரஷர் மாத்திரையை மேடை முன்னால் வீசிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாயே. மூன்றாம் மாதம் மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தாய். எழுந்திருக்கவே இல்லை.

கை தானாக நின்றது. பாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், ஏன் நிறுத்திட்டீங்க? வாசிங்க."

மைக்கை இழுத்தேன். "எங்க நைனாவும் இங்கதான் மாத்திரைய தூக்கிப் போட்டாரு பாஸ்டர். அப்பவும் நான்தான் வாசிச்சிகினு இருந்தேன். அத்த, நீ போய் உக்காரு."

"அவருக்கு விசுவாசம் பத்தல" என்றார்.

உனக்கா? முழங்கால் காய்த்துப்போகும் அளவுக்கு ஜெபித்த உனக்கா? அத்தை நடுவில் நின்று அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பைபிளுக்குள் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

இப்போது சபையார் திருத்தணி பஜாரில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அம்மாகூட, "தேவ மனுசனையே எதுத்துப் பேசறியாடி?" என்று கேட்டதோடு சரி, அதன்பிறகு பேசவில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். என்னைத் தின்பது வேறு. அன்று உன்னை எழுந்து நடக்க வைத்தது அவர் பேச்சா, என் விரலா?

ஆண்டவரை நான் விடவில்லை நைனா. வருகிற ஞாயிறும் போவேன், கடைசி வரிசையில் உட்காரச் சொன்னாலும் சரி. பாஸ்டர் மறுபடி மாத்திரையைக் கேட்டால் எழுந்து நின்று உன் பெயரைச் சொல்வேன். எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறையும் சொல்வேன்.

அன்று உன்னைத் தடுக்காத உன் மகள்,
எஸ்தர்