உன் பக்கத்தில் நான் சேர்த்த வரி

என் ரெஜினாவுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது.

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆகிவிட்டது. முகவரி எழுதும்போது கை இன்னும் பெரம்பலூர் மாவட்டம் என்றே போகிறது. சொல்ல வந்தது இதுவல்ல.

பெரம்பலூரில் நீ பாடம் நடத்திய கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் சுவரில் உன் படம் இருக்கிறது. பக்கத்திலேயே, மாணவர்களுக்காக நீ கடைசியாகத் தமிழில் எழுதிய விளக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். புள்ளி வைத்த எண்களை, ஹெக்ஸாடெசிமல் என்கிற பதினாறின் கணக்கில் கம்ப்யூட்டர் எப்படி அச்சிடும் என்கிற பக்கம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாலை.

போன வாரம் உன்னோடு வேலை பார்த்த கலைச்செல்வி அதன் நகலோடு வீட்டுக்கு வந்தாள். ஒரு வரியை மாற்ற அனுமதி வேண்டுமாம்.

"என் பொண்ணு எழுதுனதுல கை வைக்க உனக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

"முப்பத்திரண்டும்மா. அதுக்கும் இந்த வரிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள். "புள்ளைங்க எல்லாம் ஒரே தப்பைப் பண்ணுதுங்க. நான் சொன்னா, ரெஜினா மேடத்தை விட உங்களுக்குத் தெரியுமான்னு கேக்குதுங்க. பிராக்டிகல் பரீட்சை வருது. அத்தனை பேரும் மார்க்கை விட்டுருவாங்க."

காபி கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். நகலை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள், சாமர்த்தியக்காரி.

மறுநாள் பென்சிலோடு உட்கார்ந்தேன். புரியாத குறிகளை அவளுக்கே போன் போட்டுக் கேட்டேன். "இந்த வடிவத்தில் எண்கள் பதினாறின் கணக்கில் எழுதப்படும்" என்று எழுதியிருக்கிறாய். எந்த எண்கள், ரெஜினா? உன் உதாரணம் 0x1.8p+1. p-க்கு முன்னால் இருப்பது பதினாறின் கணக்கில் ஒன்றரை; புள்ளிக்குப் பின் வரும் 8, பதினாறில் பாதி. பின்னால் இருப்பது, அதை இரண்டால் எத்தனை முறை பெருக்குவது என்பது. ஒரு முறை பெருக்கினால் மூன்று. ஆனால் அந்தப் பின் எண் மட்டும் நம் சாதாரணப் பத்தின் கணக்கு என்று நீ சொல்லவில்லை. ஒன்று எந்தக் கணக்கிலும் ஒன்றுதானே, அதனால் உன் உதாரணத்தில் தவறு தெரியவில்லை. p+10 வந்தால், பதினாறின் கணக்கில் 10 என்பது பதினாறு ஆகையால், பத்து முறை பெருக்க வேண்டியதைப் பிள்ளைகள் பதினாறு முறை பெருக்குகிறார்கள்.

தவறு பிடிபட்டதும் ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் பள்ளிக்கூடக் கட்டுரைகளில் பிழை கண்டுபிடிக்கும்போது வருமே, அதே சந்தோஷம். அது வந்ததற்காகவே பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். பதில் சொல்ல நீ இல்லாதபோது உன்னைத் திருத்துவது என்ன நியாயம்? நீ இருந்திருந்தால், "படிக்கிறவங்களுக்குப் புரியும்மா, உங்களுக்குத்தான் சந்தேகம்" என்று சண்டைக்கு வந்திருப்பாய். ஜெயித்திருக்கவும் கூடும்.

நேற்று நானே பெரம்பலூர் போய்க் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். உன் வரியை அடிக்கவில்லை. கீழே எழுதினேன்: "p-க்குப் பின்னால் வரும் எண் மட்டும் பத்தின் கணக்கில் எழுதப்படும். p+10 என்றால் இரண்டால் பத்து முறை பெருக்க வேண்டும்."

"உங்க பேரைப் போடுங்கம்மா" என்றாள் கலைச்செல்வி.

"என் பேரைப் பாத்தா உன் புள்ளைங்க நம்பாதுங்க" என்றேன்.

பெயர் போடவில்லை. இப்போது நீ எழுதாததை நீ எழுதியதாக அவர்கள் படிக்கிறார்கள். பொறுத்துக்கொள்வாயா?

பக்கத்தைத் திரும்ப மாட்ட விடவில்லை. பிள்ளைகள் கையில் எடுத்துப் படிக்கட்டும், மாலை உன் படத்துக்கு மட்டும் போதும். இன்னொரு பிழையோடு யார் வந்தாலும், அது என் வரியிலேயே இருந்தாலும், உட்காரவைத்துக் கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னைப் பெற்றவள்,
பிலோமினா